பிழைக்குமா?

இளம் நண்பர் ஒருவர் தம்முடைய முதல் நாவலின் பிரதியை ஒரு பிரசுராலயத்துக்கு அனுப்பியிருந்தார். எட்டு மாதம் கழித்துப் பிரதி திரும்பி வந்தது. கூடவே ஒரு சிறு கடிதமும் வந்தது. கடிதம் தமிழில்தான் இருந்தது. ஆனால் காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ஓர் ஆங்கில வார்த்தை உட்கார்ந்திருந்தது. 'தங்கள் நாவல் வயபிள் அல்ல என்பது எங்கள் அபிப்பிராயம்.'

நண்பர் கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "நாவல் நன்றாக இல்லை என்று எழுதியிருந்தால் புரிகிறது, ஸார். விற்காது என்று எழுதியிருந்தாலும் புரிகிறது. இது இரண்டிலும் சேராமல் நடுவில் நிற்கிறதே?" என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த வார்த்தை நடுவில்தான் நிற்கிறது. அப்படி நிற்பதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரதியை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். அவர் போன பிறகு பிரதியைவிட முதலில் அந்த வார்த்தையைப் படிக்க வேண்டும் என்று தோன்றியது. படித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

'வயபிள்' என்பது பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். பிரெஞ்சில் 'வீ' என்றால் உயிர், வாழ்வு. அதற்கும் மூலம் லத்தீனில் 'வீட்டா'. நம் வீட்டு மருந்து அலமாரியில் இருக்கும் வைட்டமின் மாத்திரையின் பெயரிலும் அதே 'வீட்டா'தான் இருக்கிறது. ஆகவே 'வயபிள்' என்றால் உயிர் வாழக் கூடியது என்று பொருள். உயிரோடு இருப்பது என்பதல்ல. இந்த வித்தியாசம் முக்கியம். உயிரோடு பிறந்தும் வாழும் தகுதி இல்லாத சிசு உண்டு. இப்போது இருக்கிறதா என்பதைப் பற்றி இந்தச் சொல்லுக்குக் கவலையில்லை. தாயை விட்டுப் பிரிந்த பிறகு தொடர்ந்து இருக்குமா என்பதுதான் அது கேட்கிற கேள்வி.

லத்தீனில் 'வியா' என்று வேறொரு சொல் இருக்கிறது. அதற்கு வழி, பாதை என்று அர்த்தம். ஆங்கிலம் அறிந்தவர்களில் பலர் 'வயபிள்' என்பது இதிலிருந்து வந்ததாக எண்ணிக்கொண்டு, 'போக வழியுள்ளது' என்ற தொனியில் அதைப் பிரயோகிக்கிறார்கள். பிரெஞ்சு மொழியில் சாலை போக்குவரத்துக்குத் தகுதியாக இருப்பதைக் குறிக்கும் சொல்லும், சிசு உயிர் வாழத் தகுதியாக இருப்பதைக் குறிக்கும் சொல்லும் ஒரே எழுத்துக்களில்தான் எழுதப்படுகின்றன. இரண்டும் பிறப்பால் வேறு. முகம் மட்டும் ஒன்று. இந்த முக ஒற்றுமையால் விளைந்த குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. சாலை போட்டவன் போய்விட்டாலும் சாலை கிடக்கும். சிசு அப்படிக் கிடக்காது.

இந்தச் சொல்லுக்கு ஆரம்பத்திலேயே ஒரு சொத்து விவகாரமும் உண்டு. 1804ல் நெப்போலியன் பிரான்ஸில் கொண்டுவந்த சிவில் சட்டத்தின் 725வது பிரிவு, யார் வாரிசாக முடியாது என்று சொல்லும்போது, வாழும் தகுதியோடு பிறக்காத குழந்தையையும் அந்த வரிசையில் சேர்க்கிறது. சட்டத்துக்கு இது அவசியம்தான். சில நிமிஷம் மூச்சு விட்டுவிட்டு இறந்துபோகிற ஒரு சிசுவின் வழியாகச் சொத்து ஒரு குடும்பத்திலிருந்து இன்னொரு குடும்பத்துக்குப் போய்விடக் கூடாதே! ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொட்டிலின் அருகே நின்று 'இது பிழைக்குமா?' என்று கேட்டவர்களில் தாயும் மருத்துவச்சியும் மட்டுமல்ல, வக்கீலும் இருந்திருக்கிறார். பின்னாளில் இந்தச் சொல் கணக்குப் பிள்ளைகளின் கைக்குப் போனதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆங்கிலத்துக்கு அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்தது. வைத்தியர்கள் சிசுவைப் பற்றிச் சொன்னார்கள். தாவர சாஸ்திரிகள் விதையைப் பற்றிச் சொன்னார்கள். பிறகு அரசாங்கங்களும் திட்டங்களும் கம்பெனிகளும் அதை எடுத்துக்கொண்டன. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு அது இல்லாத அறிக்கையே இல்லை என்று ஆகிவிட்டது. ஃபௌலரின் பிரசித்தி பெற்ற ஆங்கிலப் பிரயோக அகராதியை 1965ல் திருத்தி வெளியிட்ட சர் எர்னஸ்ட் கவர்ஸ், இதை மோகத்தால் கையாளப்படும் சொற்களில் ஒன்றாக எண்ணிக் கண்டித்திருக்கிறார். உயிர் நூல் வார்த்தையை எடுத்து எதற்கெல்லாமோ ஒட்ட வைக்கிறார்கள் என்பது அவருடைய குறை.

என்னுடைய குறை வேறு. ஒரு சொல் வீட்டை விட்டுக் கிளம்பி ஊர் சுற்றுவது தவறல்ல. சொற்கள் அப்படித்தான் வளர்கின்றன. சரியாகக் கையாண்டால் 'வயபிள்' மற்றச் சொற்களால் முடியாத ஒரு வேலையைச் செய்கிறது. 'ஃபீஸிபிள்' என்று ஒரு சொல் இருக்கிறது. செய்ய முடிந்தது என்று அர்த்தம். செய்த பிறகு அது நின்று வாழுமா என்பது வேறு கேள்வி. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் பிரயாணி விமானத்தைச் செய்ய முடியும் என்று பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து நிரூபித்தன. 1969ல் கான்கார்டு பறந்தது. 1976 முதல் 2003 வரை பிரயாணிகளை ஏற்றிக்கொண்டும் போயிற்று. ஆனால் கட்டப்பட்டவை மொத்தம் இருபது. அவற்றில் விமானக் கம்பெனிகளின் சேவைக்கு வந்தவை பதினான்கு. அவையும் அந்த இரண்டு தேசங்களின் கம்பெனிகளுக்கே. செய்ய முடிந்தது, ஆனால் தன் காலில் நிற்க முடியவில்லை. முதலாவதற்கு ஒரு சொல்லும் இரண்டாவதற்கு வேறு சொல்லும் வைத்திருப்பது ஆங்கிலத்தின் செல்வம். இதை நான் மறுக்கவில்லை.

எதிர்ச்சொல்லிலும் ஆங்கிலத்துக்குச் செல்வம் அதிகம். 'இன்வயபிள்', 'நான்-வயபிள்', 'அன்வயபிள்' என்று மூன்று இருக்கின்றன. அகராதியைப் பார்த்தால் மூன்றுக்கும் அர்த்தம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மூன்றும் பெரும்பாலும் வெவ்வேறு வீடுகளில் குடியிருக்கின்றன. 'இன்வயபிள்' என்பவர்கள் மரபியல் சாஸ்திரிகள். ஆட்டையும் செம்மறியையும் கலந்தால் உண்டாகும் கரு சாதாரணமாகப் பிறப்பதற்கு முன்பே அழிந்துவிடும். ஆடும் குற்றமற்றது, செம்மறியும் குற்றமற்றது; சேர்க்கைதான் சேரவில்லை. 'நான்-வயபிள்' என்பவர்கள் வைத்தியர்கள். தீக்காயத்தில் கருகிப்போன தசையை அப்படிச் சொல்லி வெட்டி எடுப்பார்கள். 'அன்வயபிள்' என்று அதிகமாகச் சொல்கிறவர்கள் நிர்வாகிகள்: இந்தக் கிளை, இந்த ஆலை, இந்த ரயில் பாதை, இந்தக் கிராமம் அன்வயபிள்.

முதல் இரண்டு பேரும் எதிரில் இருப்பதைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். மூன்றாமவர் சொல்லும்போது கையை எடுத்துக்கொண்டே சொல்கிறார். தாம் கையை எடுக்கப் போவதைத்தான் அந்தப் பொருளின் குணமாக வர்ணிக்கிறார். என் குறை இதுதான்.

நாவல் படிக்கிறவர்களுக்கு இதை ஒரு நாவலைக் கொண்டே சொல்கிறேன். டிக்கன்ஸின் 'ஆலிவர் ட்விஸ்ட்' 1837ல் பத்திரிகையில் தொடர்கதையாக வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு கேள்விதான். ஏழைகள் விடுதியில் ஒரு குழந்தை பிறக்கிறது. மூச்சு வரவில்லை. அருகில் இருப்பவர்கள் குடித்து மயங்கிய ஒரு கிழவியும், ஒப்பந்தக் கூலிக்கு வேலை பார்க்கும் ஒரு வைத்தியரும்தான். பாட்டிகளும் அத்தைகளும் பெரிய டாக்டர்களும் சூழ்ந்திருந்தால் குழந்தை நிச்சயமாகச் செத்திருக்கும் என்று டிக்கன்ஸ் கேலி செய்கிறார். யாரும் இல்லாததால் ஆலிவரும் இயற்கையும் தங்களுக்குள் போராடித் தீர்த்துக்கொள்கிறார்கள். குழந்தை தும்முகிறது, அழுகிறது, பிழைத்துவிடுகிறது.

மேலோட்டமாகப் படிப்பவர்கள் இது என் கட்சிக்கு விரோதமான சாட்சி என்பார்கள். கவனிப்பார் இல்லாமலேயே குழந்தை பிழைத்ததே! ஆனால் இரண்டாவது அத்தியாயத்துக்குப் போங்கள். அந்தக் குழந்தையை வாரம் ஏழரைப் பென்ஸுக்கு ஒரு அம்மாளிடம் வளர்க்க விடுகிறார்கள். அந்தப் பணத்தில் பெரும் பகுதியை அவள் தனக்கென்று ஒதுக்கிக்கொள்கிறாள். அவள் பராமரிப்பில் பத்துக்கு எட்டரைக் குழந்தைகள் பசியிலோ குளிரிலோ கவனக் குறைவிலோ செத்துப்போகின்றன என்று டிக்கன்ஸ் கணக்குச் சொல்கிறார். அந்த அரைக் குழந்தையில்தான் அவருடைய கோபம் இருக்கிறது. கணக்கு எழுதுகிறவன் கையில் குழந்தை அரையாகவும் ஆகும். இயற்கை வாழத் தகுதியானது என்று தீர்ப்பளித்து அனுப்பிய குழந்தைகள் இவை. அவற்றைத் தகுதியற்றவை ஆக்கியது ஏழரைப் பென்ஸ் கணக்கு. 'வயபிள்' என்ற சொல்லை அங்கே யாரும் உச்சரிக்கவில்லை. ஆனால் அந்தச் சொல்லைப் பற்றி இவ்வளவு கூர்மையான விமர்சனத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இது நாவலாசிரியனின் கற்பனை என்று ஒதுக்கலாம். வைத்தியர்களின் சொந்த வீட்டுக்கே போய்ப் பார்ப்போம். எத்தனை வாரக் கருவுக்கு வாழும் தகுதி உண்டு? பிரிட்டனில் 1929ல் செய்த ஒரு சட்டம் இருபத்தெட்டு வாரத்தை அடையாளமாக வைத்தது. 1990ல் கருக்கலைப்புச் சட்டத்தைத் திருத்தியபோது இருபத்துநான்கு வாரம் என்று எல்லை வகுத்தார்கள். இன்று சில ஆஸ்பத்திரிகளில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வாரத்தில் பிறந்த சிசுக்களிலும் சில பிழைக்கின்றன. அமெரிக்காவின் சுப்ரீம் கோர்ட் 1973ல் இந்த எல்லையையே அரசியல் சட்டத்தின் ஒரு கோடாக வரைந்தது, 1992ல் அதைக் காப்பாற்றியது, 2022ல் கைவிட்டது. அந்தத் தீர்ப்புகளின் நியாயத்தை விசாரிப்பது என் வேலையல்ல. கோடு நகர்ந்துகொண்டே இருந்தது என்பது மட்டும் நமக்குப் போதும்.

கோடு ஏன் நகர்ந்தது? 1929ல் கருவிலிருந்த சிசுவுக்கும் 1990ல் இருந்த சிசுவுக்கும் உடம்பில் என்ன வித்தியாசம்? ஒன்றும் இல்லை. அருகில் நிற்பவர்களின் கை மாறியிருந்தது.

1963 ஆகஸ்டு 7ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்துவிட்ட குழந்தை. எடை நாலரைப் பவுண்டுக்குச் சற்று அதிகம். நுரையீரல் விரிந்து கொடுக்கவில்லை. உலகத்திலேயே செல்வாக்கு மிகுந்த தகப்பன், அந்தக் காலத்துச் சிறந்த டாக்டர்கள், அழுத்தமேற்றிய பிராணவாயு அறை எல்லாம் இருந்தும் முப்பத்தொன்பது மணி நேரத்தில் குழந்தை இறந்துபோயிற்று. அந்த நுரையீரலில் குறைவாக இருந்த வழுவழுப்பான ஒரு பொருளை வெளியிலிருந்து செலுத்தும் சிகிச்சை பின்னால் வந்தது. 1990 வாக்கில் அங்கே பழக்கத்துக்கும் வந்துவிட்டது. இன்று அதே வாரத்தில் அதே எடையில் நல்ல ஆஸ்பத்திரி ஒன்றில் பிறக்கும் குழந்தை ஏறக்குறைய நிச்சயமாகப் பிழைத்துவிடுகிறது. அப்படியானால் அந்தக் குழந்தை வாழத் தகுதியற்றதாகவா இருந்தது? தகுதியின்மை என்பது அன்றைய வைத்தியத்துக்குத் தெரியாதிருந்த ஒரு விஷயத்தின் பெயர். அதைக் குழந்தையின் நெற்றியில் எழுதிவிட்டோம், அவ்வளவுதான்.

சிசுவைப் பற்றிய கேள்வியும் ஊரைப் பற்றிய கேள்வியும் ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்ட ஒரு தீவு உண்டு. ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஹெப்ரிடீஸ் தீவுகள். அவற்றுக்கும் நாற்பது மைல் மேற்கே, அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவில் இருக்கும் செயின்ட் கில்டா. கடற்பறவைகளைப் பிடித்துத் தின்றும், அவற்றின் இறகையும் எண்ணெயையும் விற்றும், ஆடு மேய்த்தும் ஒரு சிறு கூட்டம் அங்கே நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல ஆண்டுகள் அங்கே பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேல் இறந்துகொண்டிருந்தன. பிறக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். சில நாளில் பால் குடிப்பதை நிறுத்தும், தாடை பூட்டிக்கொள்ளும், எட்டாம் நாள் வாக்கில் போய்விடும். அதற்கு எட்டு நாள் வியாதி என்றே பெயர். கடவுள் சித்தம் என்று எண்ணியவர்களும் இருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்த ஜாதிக்கே ஜீவசக்தி குறைந்துவிட்டதாகத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை.

வியாதி ரண ஜன்னி. தொப்புள் கொடியை அறுத்த இடத்தின் வழியாகக் கிருமி உள்ளே போனதுதான் காரணம். ஆங்கஸ் ஃபிடிஸ் என்ற பாதிரியார் அங்கே வேலைக்குப் போனார். போனவர் பிரார்த்தனையோடு நிற்கவில்லை. கிளாஸ்கோவில் பிரசவம் பார்க்கும் முறையைக் கற்றுக்கொண்டு வந்து, கிருமிநாசினியைக் கொண்டு தொப்புளைச் சுத்தமாக வைக்கச் செய்தார். 1890களில் எட்டு நாள் வியாதி நின்றுபோயிற்று. குழந்தைகள் பழைய குழந்தைகள்தான். தாய்மார்களும் பழைய தாய்மார்களே. கத்திரியும் துணியும் அதைப் பிடித்த கையும் மட்டும் சுத்தமாயின.

குழந்தைகள் பிழைத்தன, ஆனால் ஊர் பிழைக்கவில்லை. இளைஞர்கள் வெளியே போனார்கள். 1930ல் மிஞ்சியவர்கள் முப்பத்தாறு பேர். தங்களைக் கரைக்கு அழைத்துச் செல்லும்படி அவர்களே மே மாதத்தில் அரசாங்கத்துக்கு விண்ணப்பம் எழுதினார்கள். ஆகஸ்டு 29ஆம் தேதி கப்பல் ஏறினார்கள். புறப்படும் முன்பு வீட்டுக்கு வீடு ஒரு பைபிளைத் திறந்து வைத்து, பக்கத்தில் ஒரு சிறு குவியல் ஓட்ஸ் தானியத்தையும் வைத்துவிட்டுப் போனார்களாம்.

இந்த இடத்தில் நான் நேர்மையாக இருக்க வேண்டும். அவர்களைத் துரத்தியவர் யாருமில்லை; தங்களால் முடியவில்லை என்று அவர்களே சொன்னார்கள். இனி முடியாது என்று சம்பந்தப்பட்டவனே சொல்லும்போது அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. எல்லாவற்றையும் என்ன விலை கொடுத்தாவது காப்பாற்றியே தீர வேண்டும் என்று நான் வாதிக்கவில்லை. மூச்சுத் திணறும் ஒரு உயிரை நீட்டி நீட்டி வதைப்பதும் கொடுமைதான். ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. 1957ல் அதே தீவில் பிரிட்டிஷ் ராணுவம் ராக்கெட் சோதனைகளைக் கண்காணிக்க ஒரு ராடார் நிலையம் வைத்தது. அது முதல் அங்கே ஆட்கள் மாற்றி மாற்றித் தங்கியிருக்கிறார்கள். மின்சாரம் உண்டு, சாமான் வருகிறது, அவசரத்துக்கு ஹெலிகாப்டரும் வருகிறது. முப்பத்தாறு பேர் வாழ முடியாதிருந்த பாறைதான் அது. பாறை மாறவில்லை, அரசாங்கத்துக்கு அங்கே காரியம் ஏற்பட்டுவிட்டது.

இனி விதையைப் பார்ப்போம். 1879ல் அமெரிக்காவில் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியல் பேராசிரியர் இருபது புட்டிகளில் மணலோடு விதைகளைக் கலந்து புதைத்தார். இருபத்தொரு வகைச் செடிகள், வகைக்கு ஐம்பது விதை. குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு புட்டியாக எடுத்து முளைக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் போன பிறகும் அவருக்குப் பின் வந்தவர்கள் அதை விடாமல் செய்துவருகிறார்கள். 2021ல் ஒரு புட்டியைத் தோண்டி எடுத்தார்கள். நூற்று நாற்பத்திரண்டு ஆண்டு மண்ணுக்குள் கிடந்த வெர்பாஸ்கம் என்ற காட்டுச் செடியின் விதைகள் முளைத்தன. கடைசிப் புட்டிக்கு 2100ஆம் ஆண்டு வரை தவணை இருக்கிறது.

முளைக்காத விதை செத்த விதை அல்ல. விதை நூல் அறிந்தவர்கள் இதில் மிகவும் ஜாக்கிரதையாகப் பேசுவார்கள். முளைத்தல் ஒன்று; முளைக்கும் உயிர் உள்ளே இருத்தல் வேறொன்று. உறக்கத்தில் இருக்கிறதா, உயிர் போய்விட்டதா என்று பார்ப்பதற்குத் தனிப் பரிசோதனையே வைத்திருக்கிறார்கள். ஒரு ரசாயனத் திரவத்தில் ஊறப் போட்டால் உயிருள்ள பாகம் சிவப்பாக மாறும். புத்தகங்களுக்கும் அப்படி ஒரு திரவம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இல்லாததால்தான் தவறு நேர்கிறது. ஜான் கென்னடி டூல் என்ற அமெரிக்கர் எழுதிய ஒரு ஹாஸ்ய நாவல் உண்டு. முட்டாள்களின் கூட்டுச் சதி என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ஒரு பெரிய பிரசுராலயத்தோடு நீண்ட கடிதப் போக்குவரத்து நடந்தும் நாவல் வெளிவரவில்லை. 1969ல் டூல் தற்கொலை செய்துகொண்டார். வயது முப்பத்தொன்று. பிரதியை அவருடைய தாயார் எடுத்துக்கொண்டார். பிரசுராலயம் பிரசுராலயமாக அனுப்பினார். திரும்பி வந்துகொண்டே இருந்தது. கடைசியில் வாக்கர் பெர்ஸி என்ற நாவலாசிரியரை விடாமல் தொந்தரவு செய்து படிக்க வைத்தார். பெர்ஸி தயக்கத்தோடுதான் படிக்கத் தொடங்கினார்; படித்து முடித்தபின் விடவில்லை. 1980ல் ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை வெளியிட்டது. 1981ல் புலிட்ஸர் பரிசு கிடைத்தது. 1969க்கும் 1981க்கும் நடுவில் அந்த நாவலின் ஜீவசக்தி எங்கே இருந்தது? பிரதியில் இருந்தது என்பது பாதி பதில். அந்தத் தாயாரின் பிடிவாதத்தில் இருந்தது என்பது மறு பாதி. பிள்ளையைக் காப்பாற்ற முடியாத தாய், பிள்ளை பெற்றதைக் காப்பாற்றினாள்.

சரி, 'வயபிள்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? அறிக்கைத் தமிழில் 'சாத்தியமான' என்கிறார்கள். அது 'ஃபீஸிபிள்' என்பதற்குத்தான் பொருந்தும். 'நிலைக்கத்தக்க' என்றால் கல்லையும் சொல்லலாம், உயிர் விட்டுப்போகிறது. வாழ்தகைமை, உயிர்ப்புத்திறன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் பட்டு வேஷ்டி கட்டிக்கொண்டு நிற்கின்றன. உண்மையில் இதற்கு நம் வீட்டில் சொல் இருக்கிறது. பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள்? 'பிழைக்குமா?' தெருமுனையில் புதிதாகக் கடை போட்டால் என்ன கேட்கிறார்கள்? 'பிழைக்குமா?' சிசுவுக்கும் கடைக்கும் ஒரே சொல். ஆங்கிலச் சொல் இரண்டு நூற்றாண்டு நடந்து போய்ச் சேர்ந்த இடத்தில் நம் பாட்டிமார்கள் முன்பே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்னும் விசேஷம், எதிர்ச்சொல்லும் அதற்குள்ளேயே இருக்கிறது. பிழை என்றால் குற்றம். மழை பிழைத்தது என்றால் பழைய தமிழில் மழை பொய்த்தது என்று பொருள். குறி பிழைத்தது என்றால் அம்பு தவறிவிட்டது. ஆனால் அம்பு பிழைத்தால் மான் பிழைக்கிறது! 'தப்பு' என்ற சொல்லும் இப்படித்தான்: தவறு செய்தாலும் தப்பு, உயிரோடு தப்பித்தாலும் தப்பு. சாவு குறி வைத்துத் தவறவிட்ட இடத்தில்தான் வாழ்வு இருக்கிறது என்று இந்த மொழியைப் பேசியவர்கள் கண்டிருக்கிறார்கள் போலும். வாழும் தகுதி என்று உள்ளுக்குள் ஒரு குணம் இருப்பதாக அவர்கள் எண்ணவில்லை. குறி தவறுகிறது, உயிர் நிற்கிறது. அந்தக் குறியைத் தவற வைக்க ஒரு கை வேண்டும்.

'வயபிள்' பெயரடை, பொருளின் மேல் ஒட்டிவிட்டுப் போய்விடலாம். 'பிழைக்கும்' வினை, காலம் காட்டும், ஆகவே காத்திருக்கச் சொல்லும். அதற்குப் பிறவினையும் உண்டு: பிழைக்க வைத்தல். பிழைக்க வைப்பதற்கு ஓர் ஆள் வேண்டும். 'இது வயபிள் அல்ல' என்று எழுதுகிறவர் தம்மைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. 'இதை நாங்கள் பிழைக்க வைக்க விரும்பவில்லை' என்று எழுத வேண்டி வந்தால் பேனா சற்றுத் தயங்கும். அந்தத் தயக்கம்தான் எனக்கு வேண்டும். தயங்கிய பிறகும் மறுக்கலாம். அது அவர்கள் உரிமை. பிரசுராலயம் தர்ம சத்திரம் அல்ல.

நண்பரின் நாவலைப் படித்தேன் என்று சொல்லாவிட்டால் இவ்வளவும் வீண் பேச்சு. இருநூற்று எண்பது பக்கம். முதல் நூற்றுப் பத்துப் பக்கத்தில் அந்தத் தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தாவும் அவருடைய அக்காவும் நடந்து வருவதுபோல இருக்கிறது. அதற்கு மேல் ஒரு காதல் கதையைக் கொண்டுவந்து கலந்திருக்கிறார். ஆடும் செம்மறியும்தான். கடைசி நாற்பது பக்கம் அவர் எழுதியதல்ல. அவர் படித்த மற்ற நாவல்கள் எழுதியது.

மறுநாள் அவர் வந்தபோது இதைச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "அப்படியானால் அவர்கள் எழுதினதும் சரிதானே, ஸார்?" என்றார்.

"அவர்கள் ஒரு வார்த்தை எழுதினார்கள். நான் பக்க எண்ணோடு சொல்கிறேன். அந்த அக்கா இருக்கிறாளே, அவள் பிழைப்பாள். அவளுக்கு இடம் விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள்" என்றேன்.

பிரதியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். போன வாரம் ஒரு கார்டு வந்தது. காதல் கதையை எடுத்துவிட்டாராம். நூற்றைம்பது பக்கம்தான் மிஞ்சியிருக்கிறதாம். அக்காவுக்கு மட்டும் புதிதாக இரண்டு அத்தியாயம் எழுதிக்கொண்டிருக்கிறாராம்.